பெல்ட் ஓடிய இடம்

மேகலாவிடம் இருந்த இசைத்தட்டுகள் எதிலும் யாரும் பாடவில்லை. எங்காவது ஒரு குரல் வந்தாலும் பக்கத்து அறையில் யாரோ ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனதுபோல் வரும். அவளுக்கு அதுவே அதிகம்.

பெங்களூரில் நான்காவது மாடி கிளப் ஒன்றில் அவள் வாரம் இருமுறை டி.ஜே. டெக்னோ, ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைகள்தான் அவள் வேலை என்றாலும், அவற்றில் ஊரறிந்தவற்றை அவள் தொடுவதில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று, கூட்டம் கையைத் தூக்கியதும் இடிபோல் விழும் வகை அவளுக்கு ஆகாது. அதை ஏமாற்று வேலை என்பாள். அவள் தேடி வாங்கியவை முந்நூறு பிரதி அச்சிட்டு, உறையில் பெயர்கூடச் சரியாக இல்லாமல் வருபவை. டெட்ராய்டிலோ சிகாகோவிலோ பெர்லினிலோ ஒரு சிறிய அறையில் யாரோ தனியாக உட்கார்ந்து செய்தவை. அடியில் ஒரே தாளம் ஓடும். அதன் மேல் ஈரம் படிந்ததுபோல் ஓர் இரைச்சல். பன்னிரண்டு நிமிடத்தில் நடப்பது ஒன்றுமே இல்லை. ஆனால் ஏழாவது நிமிடம் வரும்போது, கேட்பவர் தொடங்கிய இடத்தில் இருக்கமாட்டார்.

"உன் செட்டு மாவு மில்லுல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு மேகலா" என்பான், அதே கிளப்பில் சனிக்கிழமைகளில் வாசிக்கும் சத்யராஜ். "சரி, மாவாவது வரும்னு பார்த்தா அதுவும் வரமாட்டேங்குது."

அந்தச் சத்யராஜ்தான் ஒருநாள் அவளுடைய பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் வந்து உட்கார்ந்தான். அவள் திரும்பத் திரும்பப் போட்ட நாற்பது தட்டுகளும் நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு தாள அடி வேகத்தில் ஓடின. வேகமானவற்றை அவளே குறைத்திருந்தாள். அதுவாவது பரவாயில்லை, ஒரு பழக்கம் என்று சொல்லலாம். ஒவ்வொரு எட்டு அடிக்கும் ஒருமுறை, அடிக்குச் சற்றுப் பின்தங்கி ஒரு சின்னத் தட்டல் எல்லாவற்றிலும் இருந்தது.

"அந்தத் தட்டல் ரெக்கார்டுலயே இருக்குமில்ல?"

"பாதியில இருக்கு. மீதியில நீ போடற."

அவன் வீடியோவைக் காட்டினான். மிக்சர் கருவியின் மேல் இருந்த அவளுடைய வலது ஆள்காட்டி விரல் எட்டு அடிக்கு ஒருமுறை ஒரு பொத்தானைச் சுண்டியது. அவள் முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அந்த விரலைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தூங்குவதும் அவள் அதைக் கேட்டுத்தான். பெர்லின் தட்டு ஒன்று இருந்தது, சாம்பல்நிற உறை, எழுத்தே இல்லை. அதைப் போனில் பதிந்து காதில் போட்டால் மூன்றாவது நிமிடத்தில் கண் சொருகும். போடாத நாளில் விடியும்வரை விழித்திருப்பாள்.

அவளுடைய அம்மா ராணி ஏற்காட்டில், வெள்ளக்கடையில் இருந்தாள். எஸ்டேட் வேலையை விடவில்லை. மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் "பாட்டு போடறா" என்பாள். அந்தப் பாட்டை அவள் ஒருமுறையும் கேட்டதில்லை. ஊருக்கு வரும்போது மேகலா போனில் ஏதாவது போட்டால், அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். குடம் நிறைந்திருந்தாலும் போவாள். கிளப், குடி, ராத்திரி வேலை, இதெல்லாம் பிடிக்கவில்லை என்று மேகலா எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை அம்மா முழுதாக உட்கார்ந்து கேட்டால் போதும் என்ற ஆசை அவளுக்குப் பல வருடமாக இருந்தது. வேறு யார் கேட்டும் அது தீரவில்லை.

அப்பா காளியப்பனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கொட்டச்சேட்டுக்கு அருகில் ஒரு எஸ்டேட்டில் பல்ப்பர் ஓட்டினார், அதாவது காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தை. அவளுக்கு மூன்று வயதாகும்போது அந்த இயந்திரத்தில் அடிபட்டு இறந்தார்.

அந்த எஸ்டேட் கைமாறி இப்போது விடுதியாகியிருந்தது. அதை நடத்தும் ரஞ்சித் சேலத்துக்காரன். பழைய பல்ப்பர் வீட்டைச் சுத்தம் செய்து, டிசம்பரில் ஒரு ஞாயிறு மதியம் இரண்டு மணியிலிருந்து இருட்டும்வரை பார்ட்டி வைக்க நினைத்தான். ஊர்க்காரியே டி.ஜே.வாக இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, மேகலாவை அழைத்தான். அவள் அம்மாவுக்கு போன் செய்தாள்.

"அந்தப் பல்ப்பர் ஊட்டுலயா?" என்றாள் ராணி.

"ஆமாம்மா. நீ வந்து கேக்கணும். பகல்லதான்."

"அங்க வேண்டாம் சாமி."

"ஏம்மா?"

"குளுரு. உனக்குச் சளி புடிக்கும்."

மேகலா ஒப்புக்கொண்டுவிட்டதைச் சொன்னாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள் அம்மா.

சனிக்கிழமை காலை மேகலா நேராகப் பல்ப்பர் வீட்டுக்குப் போனாள். ஸ்பீக்கர்கள் சேலத்திலிருந்து வந்து இறங்கியிருந்தன. நீளமான கல்கட்டடம், தகரக் கூரை. இயந்திரம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் சிமெண்ட் மேடையும் நான்கு துருப்பிடித்த போல்ட்டுகளும் மட்டும் இருந்தன. வாசலுக்கு உள்ளே சுவரில் வரிசையாக ஆணிகள். விருந்தாளிகள் தொப்பியும் ஜாக்கெட்டும் மாட்ட உதவும் என்று ரஞ்சித் அவற்றை விட்டுவைத்திருந்தான்.

மேசையை எங்கே போடுவது என்று ரஞ்சித் கேட்டான். அவன் காட்டிய நடுச்சுவர் அவளுக்குப் பிடிக்கவில்லை. சுற்றி நடந்து கைதட்டிப் பார்த்துவிட்டு, கோடியிலிருந்த மூலையைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே சத்தம் சரியாகக் கேட்கிறது என்றாள். ரஞ்சித் தோளைக் குலுக்கினான். மூலைக்கு மேலே உத்திரத்தில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதில் அவன் ஒரு கண்ணாடி உருண்டையைத் தொங்கவிடச் சொல்லிவிட்டு, சாப்பாட்டைப் பார்க்கப் போனான்.

உருண்டையைத் தொங்கவிட ஏணியுடன் வந்தவர் சித்தன். மலைக்காரர், ஐம்பதை நெருங்குபவர். சொந்தமாகக் கொஞ்சம் சாமையும் காப்பியும் உண்டு. மற்ற நேரத்தில் விடுதியின் ஜெனரேட்டர், கரண்ட், காவல் எல்லாம் அவர். வாசலிலிருந்து மூலைக்கு வரும்போது, வெறும் தரையின் நடுவில் அவர் ஏணியைத் தாழ்த்தி, தலையைக் குனிந்து, இரண்டடி நடந்து நிமிர்ந்தார். திரும்பிப் போகும்போதும் அதே இடத்தில் குனிந்தார்.

"ஏனுங்கண்ணா, எதுக்குக் குனியறீங்க?"

"பெல்ட்டு இருக்குதுங்க அம்மிணி."

"எங்கீங்க?"

சித்தன் நின்று யோசித்தார். "இப்ப இல்லீங்க" என்றார். பிறகு அவரே சிரித்தார். "பதனாறு வயசுல பழம் கொட்ட வந்தனுங்க. மோட்டாரு அந்தச் செவுத்துல. பல்ப்பரு இங்க. நடுவுல பெல்ட்டு இந்த ஒசரத்துல ஓடும். குனியாம போனா மண்டை இருக்காது. இங்க வேலை செஞ்சவங்க அத்தனை பேரும் இப்ப வந்தாலும் குனிவாங்க, பாருங்க."

மேகலா அந்த இடத்தை நேராகக் கடந்து காட்டினாள். சித்தன் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"அந்த ஆணியெல்லாம் எதுக்குங்க?"

"துண்டு மாட்டங்க. கழுத்துல துண்டு, சால்வை எதுவும் இருக்கக் கூடாது. மாட்டிட்டுத்தான் உள்ள வரோணும். பெல்ட்டுக்கு ஒரு ஜாயின்ட்டு உண்டு, இரும்புக் கிளிப்பு போட்டுத் தைச்சிருப்பாங்க. அது துணியக் கண்டா உடாது. சுத்தி வர்றப்பவெல்லாம் டக்குனு ஒரு சத்தம் கேக்குமுங்க."

"மிசினோட எத்தனை அடிக்கு ஒருதடவைங்க?"

சித்தன் அவள் மேசையின் மேல் விரலால் தட்டிக் காட்டினார். பல்ப்பரின் அடி எட்டு. எட்டாவது முடிந்து, ஒரு மூச்சு பின்தங்கி, நகத்தால் ஒரு தட்டு.

மேகலா சாம்பல்நிற உறையைத் தேடி எடுத்து, தட்டை ஓடவிட்டாள். கல்சுவரில் பட்டு அது நான்கு பக்கமும் திரும்பியது. சித்தன் ஏணியைக் கீழே வைத்தார். அவருடைய கண் மேடையின் நான்கு போல்ட்டுகளுக்குப் போயிற்று.

"ஏனுங்க, இது நம்ம மிசினுல்ல?"

"இது பெர்லின்ல பண்ணதுங்கண்ணா. ஜெர்மனி."

"அவங்களும் பல்ப்பரு வெச்சிருப்பாங்களாட்ட இருக்குது" என்றார் சித்தன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மேகலா தட்டை நிறுத்தினாள். "நான் காளியப்பன் மகளுங்கண்ணா."

"தெரியுமுங்க. மூக்கைப் பாத்தாலே தெரியுது."

"அப்பா எப்படிங்க செத்தாரு?"

சித்தன் ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுங்க. அன்னைக்குச் சேர்வராயன் கோயில் நோம்பி. எஸ்டேட்டே மேல இருந்துச்சு. கணக்கெழுதற ரைட்டர்கூட அங்கதான். நாங்க எறங்கி வர்றப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. உங்கம்மாவையே கேளுங்க." அவர் குனிந்து, நிமிர்ந்து, வெளியே போனார்.

வெள்ளக்கடைக்கு ஸ்கூட்டரில் போகும் வழியில்தான் மேகலாவுக்கு அது உறைத்தது. சேர்வராயன் திருவிழா மே மாதத்தில் வரும். பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி, எவ்வளவு இழுத்தாலும் மார்ச்சில் முடிந்துவிடும். மே மாதத்தில் செடியில் பச்சைப் பிஞ்சு மட்டுமே இருக்கும். பல்ப்பருக்கு அப்போது வேலையே கிடையாது. பெல்ட்டைக் கழற்றி மாட்டிவைத்திருப்பார்கள்.

அம்மா வேலை முடிந்து வந்து, வாசலில் பழப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மேகலா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அங்கேயே கேட்டாள்.

"அம்மா, மே மாசத்துல பல்ப்பர் எதுக்கு ஓடுச்சு?"

ராணி கை கழுவுவதை நிறுத்தவில்லை. "சித்தன் சொன்னானா? அவனுக்கு வாயி நிக்காது."

"அவரு ஒண்ணுமே சொல்லலம்மா. நோம்பிக்குப் போயிருந்தேன்னாரு. மிச்சத்தை நானா யோசிச்சேன்."

கை சுத்தமாகிவிட்டது. ராணி அப்புறமும் கழுவினாள். பிறகு புடவையில் துடைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு மூணு நாளாக் காச்சல். கண்ணே மூடல. அழுதுக்கிட்டே இருந்த. ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தாங்க, அதுக்கும் கேக்கல. பழக் காலத்துல உன்னய அந்த ஊட்டுலதான் சேலையில தூரி கட்டிப் போடுவோம். நான் கொட்டை கழுவுவேன், அவரு மிசின் ஓட்டுவாரு. அந்தச் சத்தத்துல அப்படித் தூங்குவ. எல்லாரும் கண்ணு படற மாதிரிச் சொல்லுவாங்க."

"எந்த மூலையில?"

"கோடி மூலை. மேல ஒரு வளையம் இருக்கும்."

மேகலா உட்கார்ந்தாள்.

"நாங்களும் நோம்பிக்குப் போறதாத்தான் இருந்துச்சு. புதுத் துண்டெல்லாம் எடுத்திருந்தாரு. நீ அழுகறயேன்னு நின்னுட்டோம். மத்தியானம், சாவி எங்கிட்டத்தான இருக்குது, வா, கொஞ்ச நேரம் ஓட்டுவோம், கொழந்தை தூங்கட்டும்னாரு. பழமும் இல்ல, தண்ணியும் இல்ல. சும்மா. பெல்ட்டு வெயில்ல காஞ்சு கெடந்துச்சு. எண்ணெய் போடாம அப்படியே மாட்டுனாரு."

தெருவில் ஒரு பைக் போனது. அது போகும்வரை ராணி காத்திருந்தாள்.

"நீ தூங்கிட்ட. ரெண்டே நிமிசம். நான் தூரிகிட்ட உக்காந்திருந்தேன். நிறுத்திரலாங்கன்னு கையக் காட்டுனேன். இருக்கட்டும் ராணி, நல்லாத் தூங்கட்டும்னாரு. அப்பறம் உன்னப் பாக்க வந்தாரு. எப்பவும் போலத்தான் குனிஞ்சாரு. கழுத்துல அந்தத் துண்டு."

"ஆணியில மாட்டலையா?"

"வேலைன்னா மாட்டியிருப்பாரு. அன்னைக்கு வேலை இல்லையே சாமி. சும்மா ஓட்டுனதுதான். ஒரு கிளிப்பு வாயைத் தொறந்திருக்குது." ராணி தன் கையைப் பார்த்தாள். "ஸ்விச்சு அந்தப் பக்கத்துச் செவுத்துல. பெல்ட்டத் தாண்ட முடியாது. மேடையைச் சுத்திட்டு ஓடுனேன். அவ்வளவு நேரம் ஆயிப்போச்சு."

"நான்?"

"நீ எந்திரிக்கல. மிசின் நின்னதுக்கப்பறந்தான் எந்திரிச்ச."

மேகலா, "இத்தனை வருசமா ஏம்மா சொல்லல?" என்றாள்.

"சொன்னா நீ தூங்குவியா?"

மேகலா ஸ்கூட்டர் சாவியைக் கையில் திருப்பினாள்.

"நீ பெங்களூருல இருந்து வந்து, போன்ல அதையே போட்டுட்டுப் படுத்துக்கற" என்றாள் ராணி. "நான் என்னன்னு சொல்றது. குடத்தைத் தூக்கிட்டுப் போறதத் தவிர."

அன்று மேகலா காதில் எதையும் மாட்டாமல் படுத்தாள். தூக்கம் வரவில்லை. பக்கத்துப் பாயில் அம்மாவும் தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

ஞாயிறு மதியம் பனி இறங்கியிருந்தது. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் அறுபது பேர் வந்தார்கள். ஆணிகள் நிறைந்தன. மேகலா சாம்பல்நிற உறையைப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே மற்றவற்றை அடுக்கியிருந்தாள். வராமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்திருந்தாள். ஆனால் சொன்ன வேலை. இன்னொன்றும் இருந்தது. அந்தத் தட்டை இனித் தன்னால் போட முடியுமா என்று தெரியாமல் பெங்களூருக்குத் திரும்ப முடியாது. போட முடியாவிட்டால், அவளிடம் இருக்கும் எந்தத் தட்டையும் போட முடியாது. எல்லாவற்றிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி நேரம் வேறு வேகத்தில் வாசித்தாள். நூற்றிருபத்து நான்கு, நூற்றிருபத்தாறு. வலது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, இடது கையால் வேலை செய்தாள். கூட்டத்துக்கு அது பிடித்தது. ரஞ்சித் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினான். சன்னல்களில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. மேலே கண்ணாடி உருண்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான்கு மணிக்குச் சித்தன் கதவைத் திறந்து வழிவிட, ராணி உள்ளே வந்தாள். ஸ்வெட்டர் போட்டு, மேலே சால்வை போர்த்தியிருந்தாள். வாசலில் நின்று சால்வையை எடுத்து மடித்தாள். ஆணிகளில் இடமில்லை. ஒருவருடைய ஜாக்கெட்டுக்கு மேலேயே அதை மாட்டினாள். பிறகு ஆடுகிறவர்களைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்து, ஓரிடத்தில் நின்றாள். அங்கே சுவரில் தோள் உயரத்தில், பழைய ஸ்விச்சைப் பெயர்த்த ஒரு சதுரம் மட்டும் புதிய சிமெண்ட்டால் பூசப்பட்டிருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தாள்.

அன்று ஓடிவர வேண்டியிருந்த தூரத்தை அம்மா இன்று முன்பே நடந்து முடித்துவிட்டு நிற்கிறாள் என்று மேகலாவுக்குத் தெரிந்தது.

அவள் குனிந்து பெட்டியின் அடியிலிருந்து அந்த உறையை உருவினாள்.

அடி தொடங்கியதும் கூட்டத்தின் ஆட்டம் தாழ்ந்து, தரையோடு சேர்ந்தது. நூற்றுப் பதினெட்டு. எட்டு அடி, பின்தங்கி ஒரு தட்டு. மறுபடி எட்டு. ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, அறையின் குறுக்காக, பெல்ட் ஓடிய இடத்தை நேராகக் கடந்துபோனாள். வாசலில் நின்ற சித்தனின் தலை தானாகச் சற்று உள்ளிழுத்துக்கொண்டது. ராணி ஆட்களைப் பார்க்கவில்லை. காற்றில் ஓடும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பார்வை மோட்டார்ச் சுவரிலிருந்து மேடைக்கு வந்தது. வந்து, போய், வந்தது.

மேகலா நிமிடங்களை எண்ணினாள். மூன்றாவது நிமிடத்தில், எப்போதும்போல, அவள் கண் சொருகியது. நின்றுகொண்டே, அறுபது பேருக்கு முன்னால், உடம்பு தூங்கப் பார்த்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வலது ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் தடுக்கவில்லை.

ஏழாவது நிமிடத்தில் ராணியின் உள்ளங்கை சுவரை அழுத்தியது. எடுத்து, இன்னும் ஒருமுறை அழுத்தினாள். மூன்றாவது முறை முழு உடம்பின் பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள்.

மேகலா ஊசியைத் தூக்கினாள்.

அறையில் திடீரென்று தகரக் கூரையின் சொட்டும், அறுபது பேரின் மூச்சும் கேட்டன. யாரோ விசிலடித்தார்கள். "கரண்ட் போச்சா?" என்று ஒரு குரல். "இல்ல, லைட்டு எரியுதே." ரஞ்சித் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தான்.

"என்னாச்சு மேகலா?"

"ரெண்டு நிமிசங்க."

கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அம்மா நிற்கும் சுவரை நோக்கி நடந்தாள். நடுவில், வெறும் தரையில் ஓரிடம் வந்ததும் குனிந்து, இரண்டடி வைத்து, நிமிர்ந்தாள். நேற்று நேராகக் கடந்து காட்டிய இடம்தான்.

ராணியின் கை இன்னும் சுவரில் இருந்தது. மேகலா பக்கத்தில் போய் நின்றாள். பின்னால் கூட்டம் முணுமுணுத்தது. அம்மாவின் ஆள்காட்டி விரல் சிமெண்ட்டின்மேல் ஒருமுறை நகத்தால் தட்டி ஓய்ந்ததை மேகலா பார்த்தாள்.

அவள் மனதுக்குள் எண்ணினாள். எட்டு வரைக்கும் எண்ணிவிட்டு, ஒரு மூச்சு காத்திருந்தாள். அம்மாவின் விரல் விழுந்தது.